செத்து 11 கோடி ஆண்டு ஆன முதலை: எலும்பு யாருக்குச் சொந்தம்?

தலை மட்டும் ஐந்தேகால் அடி நீளம். வாய் நிறையப் பற்கள். எண்ணிப் பார்த்தால் 132. முதுகிலே ஓடு வேய்ந்தது போல எலும்புத் தகடுகள். பெரிய தகடு ஒன்று ஒரு அடி நீளம் இருக்கும். மூக்கு நுனியில், சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு புடைப்பு.

இப்படி ஒரு முதலை ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. அது செத்து, மண்ணோடு மண்ணாகிச் சுமார் 11 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது உலகத்தில் மனிதன் கிடையாது. குரங்கு கூடக் கிடையாது.

அவ்வளவு காலத்துக்கு முன் செத்த பிராணியைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்த முதலையின் எலும்பு கிடைத்த நாடு, "என் மண்ணில் கிடைப்பது எனக்கே சொந்தம்" என்று உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டது. முதலில் யுரேனியத்தைப் பற்றிச் சொன்னது. பிறகு, வானத்தில் இருந்து விழுந்த ஒரு கல்லைப் பற்றிச் சொன்னது. கல்லுக்குப் பொருந்தும் நியாயம் எலும்புக்குப் பொருந்தாதா?

அந்த நாட்டின் பெயர் நைஜர்.

நைஜர் எங்கே இருக்கிறது?

நைஜீரியா வேறு, நைஜர் வேறு. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவது உண்டு. நைஜீரியாவுக்கு நேர் வடக்கே இருக்கிறது நைஜர். அதற்குக் கடற்கரையே கிடையாது. பரப்பளவு 12 லட்சத்து 67 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி சகாரா பாலைவனம். மனிதர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர்தான். உலகத்தின் மிக ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று.

நைஜர் முன்பு பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. 1960-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி சுதந்திரம் பெற்றது. தலைநகரம் நியாமே.

நாட்டின் வடக்கே அகடெஸ் என்று ஒரு பழைய ஊர். அதற்குக் கிழக்கே போனால் டெனெரே பாலைவனம். அந்தப் பாலைவனத்தில் கடூபாவா என்று ஓர் இடம். அங்குள்ள டுவாரெக் மக்களின் மொழியில் அதற்கு, "ஒட்டகம் போக அஞ்சும் இடம்" என்று பொருளாம். ஒட்டகமே அஞ்சினால் மனிதன் என்ன செய்வான்? மனிதன் போனான். எலும்பைத் தேடி அல்ல.

யுரேனியம் தேடினார்கள், முதலை கிடைத்தது

அணுசக்திக்கு வேண்டிய மூலப்பொருள் யுரேனியம். அது சகாராவில் கிடைக்குமா என்று பிரெஞ்சு அணுசக்திக் கமிஷன் ஆட்களை அனுப்பித் தேடியது. 1957-ம் ஆண்டிலேயே அந்தப் பக்கத்தில் பெரிய பெரிய பற்கள் சில கிடைத்திருந்தன. 1964-ம் ஆண்டில் கமிஷன் ஆட்கள் கடூபாவாவில் ஒரு மண்டை ஓட்டைக் கண்டார்கள். ஏறக்குறைய முழு மண்டை ஓடு!

அது பாரிஸ் நகருக்குக் கப்பல் ஏறியது. அங்கே இரண்டு நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். ஒருவர் பிலிப் டாக்கே. இன்னொருவர் டி புரோவான் என்ற அம்மையார். (அந்த அம்மையாரின் முதற்பெயரே பிரான்ஸ்!) 1966-ம் ஆண்டில் அந்த முதலைக்குப் பெயர் சூட்டினார்கள். "சார்க்கோசுக்கஸ் இம்பெரேட்டர்" என்பது பெயர். "சார்க்கோசுக்கஸ்" என்றால் சதை முதலை. "இம்பெரேட்டர்" என்றால் சக்கரவர்த்தி.

ஒன்றைக் கவனியுங்கள். மண்டை ஓடு கண்டெடுக்கப்பட்ட 1964-ல் நைஜர் சுதந்திர நாடு. ஆனால் சுதந்திரம் வந்து நான்கு வயதுதான். எலும்பை ஆராய அங்கே ஆள் இல்லை. வைக்க வசதியும் இல்லை. தேடியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், பணமும் அவர்கள் பணம். எனவே பாரிஸுக்குப் போனதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தேடிப்போன யுரேனியமும் பின்னால் கிடைத்தது. ஆர்லிட் என்ற இடத்தில் 1971-ம் ஆண்டு முதல் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று அதை வெட்டி எடுத்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

என்ன முதலை அது?

இன்று டெனெரேயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. 11 கோடி ஆண்டுக்கு முன்போ அங்கே அகலமான ஆறுகள் ஓடின. கரையிலே காடு. காட்டிலே டைனோசர்கள். அந்த ஆற்றுக்கு ராஜா, இந்த முதலை.

முதலை செத்தால் ஆற்றுச் சேற்றில் புதையும். சதை அழுகிப் போகும். எலும்பின் மேல் மண் படியும், படியும், படிந்துகொண்டே இருக்கும். மண்ணில் ஊறும் நீரில் உள்ள தாதுப் பொருள்கள் எலும்புக்குள் இறங்கும். காலப்போக்கில் எலும்பு கல்லாகிவிடும். வடிவம் மட்டும் அப்படியே இருக்கும். இதைத்தான் விஞ்ஞானிகள் புதைபடிவம் என்கிறார்கள். பின்னர் ஆறு வற்றியது, நாடு பாலைவனம் ஆனது. காற்று மணலை அள்ளிக்கொண்டு போகப் போக, கல்லான எலும்பு வெளியே தலை காட்டியது.

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிறகு அமெரிக்காவில் இருந்து பால் செரினோ வந்தார். அவர் சிகாகோ சர்வகலாசாலைப் பேராசிரியர். 1997-லும் 2000-லும் படை திரட்டிக்கொண்டு டெனெரேக்குப் போனார். 2000-ல் நான்கு மாதம் கூடாரம் அடித்துத் தங்கி, சுமார் 20 டன் எலும்புகளைச் சேகரித்தார்கள். அதுவரை மண்டை ஓடும் சில துண்டுகளுமாகத் தெரிந்த முதலைக்கு, உடம்பில் ஏறக்குறைய பாதி எலும்புகள் கிடைத்துவிட்டன.

2001-ம் ஆண்டில் செரினோ கணக்கை வெளியிட்டார். நீளம் 11 முதல் 12 மீட்டர். எடை 8 டன். அதாவது நம் ஊர் பஸ் நீளம். இரண்டு யானை எடை! உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. "சூப்பர் முதலை" என்று செல்லப்பெயரும் வைத்தன.

ஆனால் விஞ்ஞானத்தில் கடைசி வார்த்தை என்று ஒன்று கிடையாது. 2019-ல் வேறு சிலர், உயிரோடு இருக்கும் முதலைகளின் தலை அகலத்தையும் உடம்பு நீளத்தையும் ஒப்பிட்டு ஒரு புதுக் கணக்குப் போட்டார்கள். அதன்படி சக்கரவர்த்தியின் நீளம் 9 மீட்டரும் கொஞ்சமும்தான். எடை 4 டன் போல. பஸ் சற்றுக் குட்டையாகிவிட்டது! அமெரிக்காவில் கிடைத்த "டெய்னோசுக்கஸ்" என்ற இன்னொரு பழைய முதலை இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்கிறார்கள்.

இருந்தாலும் சும்மா இல்லை. நம் காலத்தில் அளந்து பார்க்கப்பட்ட மிக நீளமான முதலைகளில் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் 2011-ல் பிடிபட்ட "லோலாங்". அது 6.17 மீட்டர். எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். சார்க்கோசுக்கஸ் பக்கத்தில் அது பிள்ளை.

இத்தனை உடம்பு எப்படி வளர்ந்தது? மரத்தை அறுத்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும் அல்லவா? முதலையின் முதுகுத் தகட்டிலும் அப்படி வளையம் உண்டு. முழு வளர்ச்சி பெறாத ஒரு சார்க்கோசுக்கஸின் தகட்டில் சுமார் 40 வளையங்கள் இருந்தன. எனவே, முழு வளர்ச்சிக்கு 50 அல்லது 60 ஆண்டு பிடித்திருக்கும் என்று கணித்தார்கள். அவசரமே இல்லாத வளர்ச்சி!

கண்கள் மேல்நோக்கி இருந்தன. உடம்பெல்லாம் தண்ணீருக்குள், கண் மட்டும் வெளியே. கரைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே கிடக்கலாம். மீனையும் தின்றது, சிக்கினால் பெரிய பிராணிகளையும் தின்றது. ஆனால் இன்றைய முதலை ஒரு காரியம் செய்யும். இரையைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் உருண்டு உருண்டு அதைப் பிய்க்கும். சார்க்கோசுக்கஸின் நீண்ட தாடை அந்த முறுக்கைத் தாங்கியிருக்காது என்று 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது.

மூக்கு நுனிப் புடைப்பு எதற்கு? அது இன்னும் விடுகதைதான். வட இந்தியாவில் கங்கையிலும் சம்பல் ஆற்றிலும் சொம்புமூக்கு முதலை இருக்கிறது. அதில் ஆண் முதலைக்கு மட்டும் மூக்கில் சொம்பு போல ஒரு புடைப்பு வளரும். பெண்ணை அழைக்கக் குரல் கொடுக்க அது உதவும். சார்க்கோசுக்கஸுக்கும் அப்படியோ என்று நினைத்தார்கள். ஆனால் கிடைத்த மண்டை ஓடுகளில் ஆண், பெண் வித்தியாசம் தெரியவில்லை.

இன்றைய முதலைகளுக்கு இது பாட்டன் அல்ல. பங்காளி வீட்டுப் பெரியப்பா என்று சொல்லலாம். அந்தக் கிளை வாரிசு இல்லாமல் அற்றுப்போனது.

கடலுக்கு அப்பால் ஓர் உறவு

தென் அமெரிக்காவில் பிரேசில் இருக்கிறது. அதன் பாகியா மாநிலத்தில் 19-ம் நூற்றாண்டில் சில முதலைப் பற்கள் கிடைத்தன. 1869-ல் அமெரிக்க நிபுணர் மார்ஷ் அதற்கு ஒரு பெயர் வைத்தார். பிறகு கிடைத்த தாடைத் துண்டு லண்டன் காட்சிசாலைக்குப் போயிற்று. அங்கே பல காலம் கிடந்தது.

1977-ல் டாக்கேயும் பூபெட்டோ என்ற நிபுணரும் அதை நைஜர் எலும்போடு ஒப்பிட்டார்கள். ஒரே குலம்! இங்கே நைஜர், அங்கே பிரேசில். நடுவில் அட்லாண்டிக் மகா சமுத்திரம். ஆற்று முதலை எப்படிச் சமுத்திரம் தாண்டும்? தாண்டவில்லை. அந்தக் குலம் தோன்றிய காலத்தில் சமுத்திரம் அங்கே இல்லை. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகுதான் பிரிந்தன. கண்டங்கள் நகர்ந்தன என்ற உண்மைக்கு இந்த முதலையும் ஒரு சாட்சி.

"அப்படியானால் நைஜர் எப்படிச் சொந்தம் கொண்டாடலாம்? முதலை வாழ்ந்தபோது நைஜர் ஏது?" என்று சிலர் மடக்குவது உண்டு. கேட்கச் சாமர்த்தியமாக இருக்கிறது. ஆனால் தங்கமும் பெட்ரோலும் உண்டானபோது எந்த நாடு இருந்தது? பூமிக்குள் கிடைப்பது அந்த மண்ணை ஆளும் நாட்டுக்குச் சொந்தம் என்பதைத் தங்கத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். எலும்பு என்றதும் தத்துவம் பேசுகிறார்கள்.

நியூயார்க்கில் நடந்த ஏலம்

இப்போது, அந்தக் கல்லின் கதைக்கு வருவோம்.

2023-ம் ஆண்டு நவம்பரில், நைஜரின் அகடெஸ் பகுதிப் பாலைவனத்தில் ஒரு கல் கிடைத்தது. 24 கிலோவுக்கு மேல் எடை. செவ்வாய்க் கிரகத்தில் இருந்து உடைந்து, விண்வெளியில் அலைந்து, பூமியில் விழுந்த கல்! பூமியில் கிடைத்த செவ்வாய்க் கற்களில் அதுவே மிகப் பெரியது.

2025 ஜூலை 16-ந் தேதி அந்தக் கல் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. ஏலம் விட்டது சாத்பீஸ் கம்பெனி. கமிஷன் எல்லாம் சேர்த்து விலை 53 லட்சம் டாலர். நம் பணத்தில் சுமார் 45 கோடி ரூபாய். வாங்கியவர் யார் என்பது வெளியே தெரியவில்லை.

நைஜர் அரசாங்கம் விழித்துக்கொண்டது. "எங்கள் கல் எப்படி வெளியே போனது? இது கள்ளக் கடத்தல் போலத் தெரிகிறது" என்று விசாரணைக்கு உத்தரவு போட்டது. ஏலக் கம்பெனியோ, முறைப்படிதான் கல் ஏற்றுமதி ஆயிற்று என்றது. விலை உயர்ந்த கற்களையும் விண் கற்களையும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று நைஜர் அதிபர் தடை போட்டார்.

அதே நாள், அதே ஏலத்தில் இன்னொரு பொருளும் விற்றது. அமெரிக்காவில் கிடைத்த ஒரு டைனோசர் குட்டியின் எலும்புக்கூடு. அதற்கு என்ன விலை தெரியுமா? 3 கோடியே 5 லட்சம் டாலர்! சுமார் 260 கோடி ரூபாய். அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு டைனோசர் 4 கோடியே 46 லட்சம் டாலருக்குப் போயிருந்தது.

அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைத்தால் எலும்பு நிலத்துக்காரருக்குச் சொந்தம். விற்றால் குற்றம் இல்லை. ஆனால் இந்த விலை ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் காதில் விழும் அல்லவா? பணக்காரர்கள் கூடத்தில் நிறுத்துவதற்கு எலும்புக்கூடு வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு கடூபாவாவுக்கு ஒட்டகம் அஞ்சலாம். வியாபாரி அஞ்ச மாட்டான்.

எலும்பைத் திருடுவதால் வரும் நஷ்டம், கல்லைத் திருடுவதால் வருவதைவிடப் பெரிது. முதலை எந்த மண் அடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன மீன், என்ன செடி என்பதெல்லாம் சேர்ந்துதான் சரித்திரம். கடப்பாரை போட்டுப் பல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனால், பல் மிஞ்சும், சரித்திரம் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1970-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. ஒரு நாட்டின் கலைச் செல்வங்களைக் கள்ளத்தனமாகக் கடத்தக் கூடாது என்பது அதன் சாரம். சிலை, ஓவியம் மட்டும் அல்ல, பழங்கால உயிரினங்களின் எச்சங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நைஜர் தானும் 1997-ல் தன் பாரம்பரியச் செல்வங்களைக் காக்கச் சட்டம் செய்தது.

ஆனால் ஒரு சிக்கல். யுனெஸ்கோ ஒப்பந்தம் பழைய கணக்கைத் தோண்டாது. அதற்கு முன் போனது போனதுதான். சக்கரவர்த்தி முதலையின் மண்டை ஓடு கிளம்பியது 1964-ல். சட்டப்படி அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. எடுத்தவர்கள் ஒளித்து எடுக்கவில்லை. ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்கள் போகாவிட்டால் அந்த முதலையின் பெயரே நமக்குத் தெரிந்திராது.

அதற்காக, உள்ளூர் மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பாலைவனத்தில் பெரிய எலும்புகள் கிடப்பதை டுவாரெக் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். "ஜோபார்" என்ற ஒரு பூதாகாரமான பிராணியின் எலும்பு அது என்று கதை சொல்வார்கள். 1999-ல் செரினோ, நைஜரில் கிடைத்த நீள்கழுத்து டைனோசருக்கு "ஜோபாரியா" என்று பெயர் வைத்தார். பெயர் அந்தக் கதையில் இருந்து வந்ததுதான்.

பிரேசில் செய்து காட்டியது

முதலையின் இன்னொரு வீடான பிரேசில் இதில் கெட்டிக்கார நாடு. பூமிக்குள் கிடைக்கும் புதைபடிவம் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று 1942-லேயே சட்டம் போட்டுவிட்டது.

2020 டிசம்பரில் ஒரு சின்ன டைனோசரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. பெயர் "உபிராஜாரா". எலும்பு பிரேசில் எலும்பு. இருந்த இடமோ ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூகே நகரக் காட்சிசாலை. எப்படி அங்கே போயிற்று என்று பிரேசில் விஞ்ஞானிகள் கேட்டார்கள். சரியான பதில் வரவில்லை. பொதுமக்களும் இணையத்தில் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு கட்டுரை வாபஸ் ஆயிற்று. 2023 ஜூனில் எலும்பே பிரேசிலுக்குத் திரும்பியது!

பிரேசிலுக்குச் சட்டம் இருந்தது என்பது மட்டும் காரணம் அல்ல. கேள்வி கேட்கத் தெரிந்த விஞ்ஞானிகள் அங்கே இருந்தார்கள். எலும்பை வைக்கக் காட்சிசாலை இருந்தது. கூச்சல் போட ஜனங்கள் இருந்தார்கள். நைஜருக்குச் சட்டம் இருக்கிறது, மற்றவை குறைவு.

"உங்களால் காப்பாற்ற முடியுமா?"

திருப்பிக் கேட்கும் நாடுகளிடம் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "உங்கள் நாட்டில் குழப்பம். பொருள் அழிந்துபோகும். எங்களிடம் பத்திரமாக இருக்கும்."

இது முழுப் பொய் அல்ல. பிரேசிலின் ரியோ நகரில் இருந்த தேசியக் காட்சிசாலை 2018 செப்டம்பரில் தீப்பிடித்து எரிந்தது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் விட்டதன் பலன்.

ஆனால் பணக்கார நாட்டில் மட்டும் பத்திரமா? எகிப்துப் பாலைவனத்தில் 1912-ல் "ஸ்பைனோசாரஸ்" என்ற பெரிய டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. ஜெர்மனியில் மியூனிக் நகருக்குக் கொண்டுபோனார்கள். 1944 ஏப்ரலில் ஒரு நாள் இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் அந்த நகரில் குண்டு போட்டன. காட்சிசாலை தீக்கிரையாயிற்று. எலும்புகள் சாம்பல்! கோடிக்கணக்கான ஆண்டுகள் எகிப்து மணலில் பத்திரமாக இருந்தவை, ஐரோப்பாவில் முப்பது சொச்சம் ஆண்டு கூடத் தாங்கவில்லை.

நைஜரில் இன்று

நைஜரின் நிலைமை சுலபமானது அல்ல. 2023 ஜூலை 26-ந் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தேர்தலில் வென்ற அதிபர் பசூமைப் பதவியில் இருந்து இறக்கினார்கள். ஜெனரல் டியானி தலைவர் ஆனார். 2025 மார்ச்சில் ஐந்தாண்டுக்கு அதிபராகப் பதவி ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சுப் படைகள் 2023 டிசம்பரில் வெளியேறின. மறு ஆண்டில் அமெரிக்கப் படைகளும் கிளம்பின.

2025 ஜூனில் ஆர்லிட் யுரேனியச் சுரங்கத்தைத் தேசியமயம் ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. அதில் பிரெஞ்சுக் கம்பெனிக்கு 63 சதவிகிதத்துக்கு மேல் பங்கு, நைஜருக்கு மீதி. அரை நூற்றாண்டாக யுரேனியம் வெளியே போயிற்று. அந்த ஊரில் 2021-ல் மூடப்பட்ட இன்னொரு சுரங்கம் விட்டுப்போனது என்ன? கதிர்வீச்சுள்ள கழிவு, சுமார் 2 கோடி டன்! இதைப் பார்த்த ஜனங்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபம் நியாயமானது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் ராணுவ ஆட்சியும் நியாயமானதா என்பது வேறு கேள்வி.

யுரேனியத்தையும் எலும்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். யுரேனியத்தை எடுத்தால் தீர்ந்துபோகும். எலும்பை ஆராய்ந்த பிறகும் அது இருக்கும். திருப்பித் தரலாம். அச்சு வார்த்து நகலும் எடுக்கலாம். சூப்பர் முதலையின் நகல் எலும்புக்கூடு பல நாடுகளில் ஊர் ஊராகக் காட்சிக்குப் போயிருக்கிறது. பார்க்கும் குழந்தைக்கு அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியானால், நகல் பாரிஸிலும் சிகாகோவிலும் இருக்கட்டும். அசல் நைஜரில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

செரினோவே இதை ஒப்புக்கொள்கிறார். தான் எடுத்துச் சென்ற எலும்புகள் நைஜருக்குத் திரும்ப வேண்டும் என்று பகிரங்கமாகச் சொல்லி இருக்கிறார். நியாமேயில் ஒன்று, அகடெஸில் ஒன்று என இரண்டு காட்சிசாலைகள் கட்ட வேண்டும் என்பது திட்டம். அகடெஸில் கட்டினால், எலும்பு கிடந்த பாலைவனத்து மக்களே அதைப் பார்க்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் கட்டடத்துக்குப் பணம் வேண்டும், எலும்பு வரப் பாதை வேண்டும், பாதைக்கு அமைதி வேண்டும். தீவிரவாதிகளின் தாக்குதல் நடக்கும் நாட்டில் மூன்றும் கடினம்.

என் அபிப்பிராயம், கட்டடத்தைவிட முக்கியமானது ஆள். மண்ணைத் தோண்டி எலும்பைச் சேதம் இல்லாமல் எடுக்கவும், சுத்தம் செய்யவும், ஆராய்ந்து எழுதவும் நைஜர் இளைஞர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். சுமை தூக்கவும் வழி காட்டவும் மட்டும் உள்ளூர் ஆள், பெயர் வைக்க வெளியூர் ஆள் என்பது இனியும் நடக்காது. ஒரு டன் எலும்பு திரும்பி வருவதைவிட, அதைப் படிக்கத் தெரிந்த பத்து பேர் உருவாவது பெரிய காரியம்.

இதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்ல முடியாது. அதே கடூபாவாவில் டாக்கே ஒரு டைனோசரைக் கண்டுபிடித்து, 1976-ல் "ஊரானோசாரஸ்" என்று பெயர் வைத்தார். முதுகில் பாய் விரித்தது போல இருக்கும் பிராணி அது. ஆராய்ச்சி முடிந்ததும் அந்த எலும்புக்கூடு நைஜருக்கே திரும்பியது. நியாமே தேசியக் காட்சிசாலையில் இடம் பிடித்தது.

அந்தக் காட்சிசாலையில் இன்னொரு விசித்திரப் பொருளும் உண்டு. டெனெரேயில் சுற்றுவட்டாரத்தில் வேறு மரமே இல்லாமல் தன்னந்தனியாக ஒரே ஒரு வேல மரம் நின்றது. ஒட்டகக் கூட்டத்துக்கு அதுதான் அடையாளம். 1973-ல் ஒரு லாரி ஓட்டி அதன் மேல் மோதிச் சாய்த்துவிட்டான். அத்தனை பெரிய வெட்டவெளியில், இருந்த ஒரே மரத்தின் மேல்! பட்ட மரத்தைத் தூக்கி வந்து நியாமேயில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். மரத்துக்கு இடம் கொடுத்தவர்கள் முதலைக்கும் கொடுப்பார்கள்.

அகடெஸுக்குக் கிழக்கே நவம்பர் முதல் மார்ச் வரை வறண்ட வடகிழக்குக் காற்று வீசும். ஆண்டுதோறும் அது கடூபாவாவில் கொஞ்சம் மணலை அள்ளிக்கொண்டு போகும். மணல் போன இடத்தில் புதிதாக ஒரு தாடை, ஒரு தகடு, சில பற்கள் வெளியே தெரியும். எடுக்காமல் விட்டால் அதே காற்று சில ஆண்டுகளில் அதையும் அரித்துத் தூளாக்கிவிடும்.